சித்தப்பாவும் பங்காளிகளும்: க்ரூயா கோட்டையின் 24 ஆண்டுகள்

வியன்னாவின் ஹோஃப்பர்க் அரண்மனையில் இருக்கும் ஆயுதக் கூடத்தில், ஆள் இல்லாத இரும்புக் கவசங்கள் வரிசை வரிசையாக நின்றுகொண்டிருக்கின்றன. ஹாப்ஸ்பர்க் இளவரசர்களின் அந்தப் பகட்டுக்கு நடுவே ஒரு தலைக்கவசம் தனித்துத் தெரிகிறது. வெண்ணிற உலோகக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தது போன்ற உருவம். அதைச் சுற்றி ஒரு செப்புப் பட்டை. பட்டையில் பூ வடிவங்களுக்கிடையே இரண்டிரண்டாகப் பிரிந்து நிற்கும் லத்தீன் எழுத்துகள். உச்சியில், கொம்புகளோடு கூடிய ஓர் ஆட்டுத்தலை. சிங்கத்தையோ கழுகையோ எதிர்பார்த்துச் சென்ற எனக்கு அந்த ஆட்டைப் பார்த்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தில் வந்து நின்ற ஒரு சிறுவனும் தன் அப்பாவின் கையை இழுத்துக் கொம்பைக் காட்டிச் சிரித்தான் என்பதால், அந்தச் சிரிப்புக்காக நான் அதிகம் வெட்கப்படவில்லை.

அந்தக் கவசம் ஜெர்ஜ் காஸ்ட்ரியோத்தி என்ற அல்பேனியப் பிரபுவுடையது என்று 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே சொல்லி வந்திருக்கிறார்கள். டிரோல் நாட்டை ஆண்ட ஹாப்ஸ்பர்க் இளவரசர் ஃபெர்டினாண்ட், புகழ்பெற்ற போர்வீரர்களின் ஆயுதங்களைத் தேடித் தேடிச் சேர்த்த தம்முடைய ஆம்ப்ராஸ் மாளிகைத் தொகுப்பில் இதையும் வைத்திருந்தார். காஸ்ட்ரியோத்தியை உலகம் அந்தப் பெயரால் அறியவில்லை. ஸ்கந்தர்பெக் என்றே அறிந்திருக்கிறது. உதுமானிய அரண்மனையில் அவருக்கு வைத்த பெயர் இஸ்கந்தர். நமக்கு சிக்கந்தர் என்று பழகிப்போன, மாமன்னன் அலெக்சாந்தரின் பெயர்தான் அது. அதனோடு பெய் என்ற பட்டமும் சேர்ந்து, அல்பேனிய நாவில் ஸ்கந்தர்பெக் ஆயிற்று. தம் வாழ்நாளின் கடைசி 24 ஆண்டுகளை எந்த அரசை எதிர்த்துச் செலவிட்டாரோ, அந்த அரசு வைத்த பெயரையே அவர் கடைசிவரை வைத்துக்கொண்டார் என்பது என் மனத்தில் வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது.

அவரைப் பற்றிய வழக்கமான கதை எளிமையானது. ஒரு சிறிய மலைநாடு, ஒரு பெரிய பேரரசு, நடுவில் தோல்வியே அறியாத ஒரு வீரர். ஷ்கோத்ரா நகரத்துப் பாதிரியார் மரின் பார்லேட்டி, ஸ்கந்தர்பெக் இறந்து சுமார் 40 ஆண்டுகள் கழித்து ரோமில் அச்சேற்றிய லத்தீன் வரலாற்று நூலிலிருந்து இந்தக் கதை ஐரோப்பா முழுவதும் பரவியது. பார்லேட்டி நல்ல கதைசொல்லி. போர்க்களத்தில் யாருமே பேச நேரமில்லாத இடத்திலும் பக்கம் பக்கமாகச் சொற்பொழிவு எழுதி வைத்துவிடுவார். எதிரிப் படையின் எண்ணிக்கை அவர் கையில் தாராளமாகப் பெருகும். அவரைப் படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது என்னவென்றால், இந்தக் கதையின் உண்மையான சிக்கல் சுல்தான் அல்ல. நம் மொழியில் அதற்கு மிகச் சரியான ஒரு சொல் இருக்கிறது: பங்காளி. பங்கு கேட்கும் உரிமை உள்ளவன், பந்தியில் பக்கத்தில் உட்காருபவன், வழக்கென்று வந்தால் முதல் எதிரி. ஸ்கந்தர்பெக்கின் போர்களை அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு படித்தால் பல புதிர்கள் அவிழ்கின்றன.

அவருடைய தந்தை ஜோன் காஸ்ட்ரியோத்தி, வட அல்பேனியாவில் மாத், டிப்ரா பகுதிகளின் மலைகளை ஆண்ட சிற்றரசர். வெனிசுக்கும் உதுமானியருக்கும் நடுவில் இருந்த எல்லாச் சிற்றரசர்களையும் போல அவரும் காற்றடிக்கும் பக்கம் சாய்ந்து பிழைத்தவர். ஒரு காலத்தில் வெனிசின் கௌரவக் குடிமகன். இன்னொரு காலத்தில் சுல்தானுக்குக் கப்பம் கட்டுபவர். சமயமும் அரசியல் தேவைக்கேற்ப மாறியது. ஆத்தோஸ் மலையில் உள்ள ஹிலாந்தர் மடத்துக்கு இரண்டு கிராமங்களின் வருவாயை எழுதி வைத்தபோது, தம் நான்கு மகன்களின் பெயரையும் அதில் சேர்த்தார்: ஸ்டனிஷா, ரெப்போஷ், கோன்ஸ்டன்டின், ஜெர்ஜ். ரெப்போஷ் துறவியாகி 1431-இல் இறந்தார். மகன்களில் இளையவரான ஜெர்ஜ், தந்தையின் விசுவாசத்துக்குப் பிணையாக எதிர்னேவில் இருந்த சுல்தானின் அரண்மனைக்கு அனுப்பப்பட்டார்.

பிணைப்பிள்ளை என்றதும் இருட்டறையையும் சங்கிலியையும் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. உதுமானியர்களின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருந்தது. அடங்கிய சிற்றரசர்களின் பிள்ளைகளை அவர்கள் அரண்மனைப் பள்ளியில் சேர்த்து, குதிரையேற்றமும் வில்வித்தையும் நிர்வாகமும் கற்றுக்கொடுத்து, இஸ்லாத்தில் சேர்த்து, பதவியும் கொடுத்துத் தங்கள் ஆட்களாக்கினார்கள். ஜெர்ஜும் அப்படித்தான் இஸ்கந்தராக வளர்ந்தார். சுல்தானுக்காகப் போரிட்டார், சிறிது காலம் மலைக்கோட்டை நகரமான க்ரூயாவின் நிர்வாகியாக இருந்தார், 1440 வாக்கில் டிப்ராவின் ஆளுநரானார். ஆனால் 1437-இல் தந்தை இறந்தபோது, தந்தை ஆண்ட நிலம் மகனுக்குத் திரும்பி வரவில்லை. சொந்த ஊரிலேயே சம்பளக்காரராக இருக்க நேர்ந்த இந்த நிலைதான் அவர் கலகத்தின் முதல் பொறி என்று நான் நினைக்கிறேன். சமயமும் நாடும் பிறகு வந்து சேர்ந்த விறகுகள். இப்படிச் சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடாது. பாட்டன் வழி நிலத்துக்காக மனிதர்கள் செய்யாத காரியம் ஏது?

1443 நவம்பர் 3 அன்று, ஹங்கேரியத் தளபதி ஹுன்யாடியின் படைக்கும் உதுமானியருக்கும் நிஷ் நகருக்கு அருகே நடந்த போரில், உதுமானியர் பின்வாங்கிய குழப்பத்தைப் பயன்படுத்தி ஸ்கந்தர்பெக் 300 அல்பேனியக் குதிரைவீரர்களோடு நழுவினார். சுல்தானின் எழுத்தர் ஒருவரை மிரட்டி, க்ரூயா கோட்டையைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி ஓர் ஆணையை எழுத வைத்து, அந்தப் பொய்க் கடிதத்தைக் காட்டியே கோட்டைக்குள் நுழைந்தார் என்பது பார்லேட்டி சொல்லும் கதை. நவம்பர் 28 அன்று க்ரூயாவில் இரட்டைத்தலைக் கழுகுக் கொடி ஏறியது. 1912-இல் அல்பேனியா விடுதலையை அறிவித்ததும் அதே நவம்பர் 28 அன்றுதான். அந்த 300 பேரில் ஒருவரை மட்டும் இங்கே அடையாளம் காட்டிவிட வேண்டும்: மூத்த அண்ணன் ஸ்டனிஷாவின் மகன் ஹம்சா. சித்தப்பாவின் குதிரைக்குப் பக்கத்திலேயே அவன் குதிரையும் ஓடியது.

அடுத்த ஆண்டு மார்ச் 2 அன்று, வெனிசின் ஆளுகையில் இருந்த லெஷா நகரத்தின் புனித நிக்கோலஸ் தேவாலயத்தில் அல்பேனியப் பிரபுக்கள் கூடினார்கள். அரியானித்தி, தோப்பியா, முசாக்கா, துக்காஜினி, ஸ்பானி, துஷ்மானி, சக்காரியா என்று ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு பள்ளத்தாக்கை ஆண்டது. ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் பக்கத்துப் பள்ளத்தாக்கோடு ஏதோ ஒரு வழக்கு இருந்தது. ஸ்கந்தர்பெக்கை அவர்கள் படைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தார்களே தவிர, அரசராக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆளும் பணமும் தருவதாக வாக்களித்தார்கள். நிலத்தில் ஒரு சாண்கூட விட்டுத்தருவதாகச் சொல்லவில்லை. அவரவர் நிலத்துக்கு அவரவரே அரசர் என்ற இந்த ஏற்பாட்டை உறவுமுறைகளால் கட்டி நிறுத்த அவர் முயன்றார். தங்கை மாமிக்காவை முசாக்கா தோப்பியாவுக்குக் கட்டிக்கொடுத்தார். தாமே 1451-இல், அர்தெனிக்கா மடத்தில், ஜெர்ஜ் அரியானித்தியின் மகள் தோனிக்காவை மணந்தார். சம்பந்தம் செய்துகொண்டால் சண்டை நின்றுவிடும் என்ற நம்பிக்கை எல்லா ஊர்களுக்கும் பொதுவானது போலும்.

கூட்டணி அமைந்த நான்காவது மாதமே சோதனை வந்தது. 1444 ஜூன் 29 அன்று தோர்வியோல் சமவெளியில் அலி பாஷாவின் படை, அல்பேனியப் படையைவிடப் பல மடங்கு பெரிதாக வந்து நின்றது. ஸ்கந்தர்பெக் 3,000 குதிரைவீரர்களை எதிரியின் முதுகுப்பக்கக் காட்டில் முன்கூட்டியே மறைத்து வைத்திருந்தார். போர் சூடுபிடித்த நேரத்தில் அவர்கள் காட்டிலிருந்து பாய்ந்து கதையை முடித்தார்கள். அந்தக் காட்டுப் படைக்குத் தலைமை தாங்கியது ஹம்சா. ஒரு போரின் வெற்றியையே நம்பி ஒப்படைக்கக்கூடிய பிள்ளையாக அவன் அப்போது இருந்தான்.

வெனிசோடு நடந்த தகராறைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அதில் ஒரு கணக்கு வேடிக்கை இருக்கிறது. 1447-இல் டாஞ்ஞா கோட்டையின் தலைவர் லெக்கா சக்காரியா வாரிசில்லாமல் கொல்லப்பட்டார். கோட்டை வெனிஸ் வசமாயிற்று. கூட்டணி உறுப்பினரின் சொத்து கூட்டணித் தலைவருக்கே சேரும் என்று ஸ்கந்தர்பெக் உரிமை கோரினார். போர் மூண்டது. 1448-இல் வெனிஸ், ஸ்கந்தர்பெக்கைக் கொல்பவருக்கு வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு 100 தங்க டுகாட் உதவித்தொகை தருவதாக அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று சமாதானம் ஏற்பட்டபோது, டாஞ்ஞாவைத் தானே வைத்துக்கொள்வதற்கு ஈடாக ஸ்கந்தர்பெக்குக்கு ஆண்டுக்கு 1,400 டுகாட் தர அதே வெனிஸ் ஒப்புக்கொண்டது. கொலையாளிக்கு நூறு, கொலையுண்டிருக்க வேண்டியவருக்கு ஆயிரத்து நானூறு. வணிகக் குடியரசுக்குப் பகைமையும் ஒரு பற்று வரவுதான்.

அந்தப் போரில் அவர் வடக்கே முடங்கிக் கிடந்தபோது, கிழக்கு எல்லையில் ஸ்ஃபெட்டிகிராட் கோட்டையைச் சுல்தான் இரண்டாம் முராத் முற்றுகையிட்டார். கோட்டை வீழ்ந்தது வாளால் அல்ல, தண்ணீரால். கோட்டைக்கு இருந்த ஒரே கிணற்றில் செத்த நாயை யாரோ போட்டுவிட, உள்ளே இருந்த வீரர்கள் அந்தத் தண்ணீரைத் தொட மறுத்துச் சரணடைந்தார்கள் என்று பார்லேட்டி எழுதுகிறார். நாய்க் கதை உண்மையோ இல்லையோ, தண்ணீர் போன கோட்டை நிலைக்காது என்பது உண்மை. க்ரூயாவின் பெயரே அல்பேனிய மொழியில் ஊற்று என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 600 மீட்டரில், சமவெளியையும் தொலைவில் அட்ரியாட்டிக் கடலையும் பார்த்தபடி நிற்கும் அந்தப் பாறைமேல் தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

1450 மே மாதம் முராத், தம் மகன் மெஹ்மதையும் அழைத்துக்கொண்டு, ஒரு லட்சம் பேர் என்று அக்காலத்தவர் மதிப்பிட்ட படையோடு அந்தப் பாறைக்குக் கீழே வந்து பாளயமிறங்கினார். கோட்டைக்குள் இருந்தவர்கள் 1,500 பேர் அளவில்தான். தலைவர் வ்ரானா கோன்ட்டி என்ற முதியவர். பெண்களையும் குழந்தைகளையும் முன்னதாகவே வெளியேற்றி வெனிஸ் நகரங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். ஸ்கந்தர்பெக் கோட்டைக்குள் இருக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சுமார் 8,000 பேரோடு வெளியே மலைக்காட்டில் இருந்துகொண்டு, இரவில் இறங்கி வந்து பாளயத்தைக் கடித்துவிட்டு, விடிவதற்குள் மறைந்துவிடுவார். உணவு வண்டிகளை மறிப்பார். அந்த வண்டிகளில் பலவற்றுக்கு வெனிஸ் வணிகர்கள் சொந்தக்காரர்கள். பீரங்கிகளை அங்கேயே வார்த்து மதிலைப் பிளந்து பார்த்தும் பலிக்காமல், வ்ரானாவுக்கு 3 லட்சம் வெள்ளிக்காசும் உயர்பதவியும் தருவதாகச் சுல்தான் ஆசை காட்டினார் என்று பார்லேட்டி சொல்கிறார். கிழவர் மசியவில்லை. அக்டோபர் இறுதியில், குளிர் இறங்குமுன், முராத் முற்றுகையை விலக்கிக்கொண்டு எதிர்னேவுக்குத் திரும்பினார். அடுத்த பிப்ரவரியில் இறந்தார்.

வீரக்கதைகள் வழக்கமாக இங்கே முரசு கொட்டிவிட்டு அடுத்த போருக்குப் போய்விடும். நான் அந்த அக்டோபரிலேயே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். முற்றுகை முடியும் தறுவாயில், அக்டோபர் 14 அன்று, ஸ்கந்தர்பெக் வெனிசுக்கு ஆளனுப்பி, க்ரூயாவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உதுமானியரிடமே கொடுத்துவிடும் நிலையில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னார். வெனிஸ் நழுவிக்கொண்டது. வயல்கள் எரிந்திருந்தன, பிரபுக்களில் பாதிப் பேர் கூட்டணியிலிருந்து விலகியிருந்தார்கள், கைவசம் இருந்தது க்ரூயாவும் கடனும். அந்தக் குளிர்காலத்தில் அவர் அட்ரியாட்டிக் கரையின் வணிக நகரமான ரகூசாவுக்குப் போய்ப் பண உதவி கேட்டார். இறுதியில் 1451 மார்ச் 26 அன்று கயேத்தாவில், நேப்பிள்சை ஆண்ட அரகோன் மன்னர் அல்ஃபோன்சோவோடு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அல்ஃபோன்சோவை மேலரசராக ஏற்றுக்கொண்டு, உதவிப்படையும் பணமும் பெற்றார். சில வாரங்களில் அல்ஃபோன்சோ அனுப்பிய கத்தலான் வீரர்கள் 100 பேர் க்ரூயாவில் காவல் நின்றார்கள். சுல்தானை விரட்டிய கோட்டைக்கு, அடுத்த ஆண்டே வேறொரு மன்னர் மேலாளராக வந்த இந்தச் செய்தியைத்தான் பள்ளிப்பாடங்கள் மெல்லிய குரலில் சொல்கின்றன.

பங்காளிகளுக்கு வருகிறேன். 1455 ஜூலையில் பெராத் கோட்டையை மீட்க ஸ்கந்தர்பெக் நேப்பிள்ஸ் வீரர்களின் உதவியோடு முற்றுகையிட்டார். மதிலில் ஓட்டை விழுந்துவிட்டது, சரணடைய அவகாசம் வேண்டும் என்று உள்ளே இருந்தவர்கள் கேட்டார்கள், கொடுத்தார்கள். முற்றுகையைத் தங்கைக் கணவர் முசாக்கா தோப்பியாவிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்கந்தர்பெக் வேறு பக்கம் போயிருந்த நேரத்தில், உதுமானிய உதவிப்படை பின்னாலிருந்து வந்து விழுந்தது. முசாக்கா உட்பட ஏறத்தாழ 5,000 பேர் மடிந்தார்கள். தோல்வியே அறியாதவர் என்ற பட்டத்துக்கு இந்த ஒரு நாளே போதிய மறுப்பு. அந்தத் தோல்வியின் புகை அடங்குவதற்குள், டிப்ரா எல்லையைக் காத்துவந்த தளபதி மொய்சி கோலெமி, உதுமானியர் பக்கம் போய்விட்டார்.

மொய்சி சாதாரண ஆள் அல்ல. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிழக்கு வாசலுக்குக் காவல் நின்றவர். எந்தக் கணவாயில் எத்தனை பேர் நிற்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். 1456-இல் அவர் உதுமானியப் படையொன்றை நடத்திக்கொண்டு அதே டிப்ராவுக்குள் நுழைந்தார். ஓரானிக்கில் ஸ்கந்தர்பெக் அவரைத் தோற்கடித்தார். தோற்றுத் திரும்பியவரை இஸ்தான்புல்லில் யாரும் மதிக்கவில்லை. அவர் மறுபடியும் எல்லை தாண்டி வந்து, தம் இடுப்பு வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்கந்தர்பெக்கின் முன்னால் மண்டியிட்டார் என்று பார்லேட்டி எழுதுகிறார். தூக்கில் போடுவதானால் கயிற்றை நானே கொண்டுவந்திருக்கிறேன் என்பதைச் சொல்லாமல் சொல்லும் கோலம் அது. ஸ்கந்தர்பெக் அந்த வாரைத் தம் கையால் கழற்றினார். பறிமுதல் செய்த நிலத்தையும் பழைய பதவியையும் திருப்பிக் கொடுத்தார். நடந்ததைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று உத்தரவிட்டார்.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதியைத்தான் சொன்னதாகும். எதிர்னே அரண்மனையில் வளர்ந்த ஸ்கந்தர்பெக்குக்கு, அணி மாறுவதன் உள்ளும் புறமும் தெரியும். தாமே 1443-இல் அதைச் செய்தவர்தானே! சுல்தானின் சோற்றைத் தின்றுவிட்டு ஓடிவந்த ஒருவர், சுல்தானின் சோற்றை ருசி பார்த்துவிட்டு ஓடிவந்த இன்னொருவரைத் தூக்கில் போட்டிருந்தால், எதிர்ப்பக்கத்தில் ஊசலாடிக்கொண்டிருந்த மற்ற அல்பேனியர்களுக்குத் திரும்பி வரும் வழி அடைந்துபோயிருக்கும். மொய்சிக்குக் கொடுத்த மன்னிப்பு, அந்தக் கதவைத் திறந்து வைப்பதற்குக் கொடுத்த விலையும்கூட.

ஹம்சாவின் கதை இவ்வளவு நேராக இல்லை. ஸ்கந்தர்பெக்குக்கு நடுவயது கடந்தும் பிள்ளையில்லை. அண்ணன் மகன், அதுவும் மூத்தவரின் மகன், தளபதி, தோர்வியோலின் வெற்றியாளன். க்ரூயா ஒருநாள் தனக்கே என்று ஹம்சா எண்ணியதில் தவறேதும் இல்லை. 1456-இல் தோனிக்கா ஒரு மகனைப் பெற்றாள். பாட்டனின் பெயரையே வைத்தார்கள்: ஜோன். தொட்டிலில் ஒரு குழந்தை அழுததும் ஹம்சாவின் எதிர்காலம் முடிந்துபோனது. அடுத்த ஆண்டு அவன், முராத்துக்குப் பின் சுல்தானாகியிருந்த மெஹ்மதின் பக்கம் இருந்தான். உதுமானியர் அவனுக்குக் காட்டிய ஆசை என்ன தெரியுமா? க்ரூயாவின் ஆளுகை. சித்தப்பாவுக்கு 1437-இல் மறுத்த அதே வகைச் சொத்தை, சித்தப்பாவை ஒழிப்பதற்காக மருமகன் முறைகூட இல்லாத சொந்த ரத்தத்துக்கு, மகன் முறையான பிள்ளைக்கு, நீட்டினார்கள். பேரரசுகள் பங்காளிச் சண்டையைப் படித்த அளவுக்கு வேறெதையும் படித்ததில்லை.

1457 கோடையில் ஹம்சாவும் உதுமானியத் தளபதி ஈசா பெய்யும் பெரும்படையோடு வந்தார்கள். ஸ்கந்தர்பெக் நேருக்கு நேர் நிற்கவில்லை. படையைச் சிறு சிறு குழுக்களாக உடைத்து மலைகளுக்குள் கரைத்துவிட்டார். வாரங்கள் கடந்தன, அவர் ஆட்களே அவரைக் கைவிட்டுவிட்டார்கள், அவர் ஓடிவிட்டார் என்ற பேச்சு இத்தாலி வரை பரவியது. ஈசா பெய்யின் படை அல்புலேனா என்ற இடத்தில், கோடை வெயிலில், காவலைத் தளர்த்திக்கொண்டு ஓய்ந்து கிடந்தது. சித்தப்பாவின் வழிகளையெல்லாம் அறிந்த ஹம்சாவும் அந்தப் பாளயத்தில்தான் இருந்தான். செப்டம்பர் 2 அன்று, மலையிலிருந்து எல்லாத் திசைகளிலும் ஒரே நேரத்தில் இறங்கிய குழுக்கள் பாளயத்தை நொறுக்கின. எதிரியின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்து பாயும் அதே உத்தியின் பெரிய வடிவம்; ஒரு காலத்தில் அதை நடத்திக் காட்டியவன் இப்போது அதில் சிக்கினான். ஹம்சா உயிரோடு பிடிபட்டான். ஸ்கந்தர்பெக் அவனைக் கொல்லவில்லை. மொய்சியைப் போலப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் இல்லை. கடலுக்கு அப்பால், நேப்பிள்சில், அல்ஃபோன்சோவின் சிறைக்கு அனுப்பினார். மொய்சி கேட்டது வேலையை. ஹம்சா கேட்டது பங்கை. வேலையைத் திருப்பித் தரலாம். தொட்டிலில் இருப்பவனின் பங்கை எப்படித் தருவது?

அல்புலேனா வெற்றிக்குப் பிறகு போப்பரசர் மூன்றாம் கலிஸ்டஸ் அவருக்குப் பட்டங்களை அள்ளி வழங்கினார். பட்டத்தோடு வந்த பணம்தான் எப்போதும் போலக் குறைவு. 1461-இல் அவர், அல்ஃபோன்சோவின் மகன் ஃபெர்ரான்ட்டேயின் அரியணையைக் காப்பாற்ற, கடல் கடந்து தென்னித்தாலிக்குப் படையோடு போனார். அதற்கு முந்தைய ஆண்டு, எதிரணியில் இருந்த தரந்தோ இளவரசர் அவரைக் கேலி செய்து எழுதியபோது, அல்பேனியர்களை ஆடுகளோடு ஒப்பிடுகிறீர்களே, எங்கள் முன்னோர் எப்பிரோத்தர்கள், உரோமர்களோடு மோதிய பிர்ரஸ் அவர்களிலிருந்து வந்தவன் என்று பதில் எழுதினார். பிர்ரஸ் மன்னன் ஆட்டுக்கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்திருந்தான் என்று புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். வியன்னாவில் நான் பார்த்துச் சிரித்த ஆட்டின் வம்சாவளி இதுதான் என்று பலரும் கருதுகிறார்கள். என் சிரிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அவருடைய ஆலோசகரான துர்ரெஸ் பேராயர் பால் எஞ்செல்லி, 1462 நவம்பர் 8 அன்று எழுதிய ஒரு லத்தீன் மடலில், பாதிரியாரிடம் போக முடியாத ஏழை மக்கள் தங்கள் குழந்தைக்குத் தாங்களே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அதற்கான வாசகத்தை மக்கள் பேசும் மொழியிலேயே எழுதிக் கொடுத்தார். நாள் குறிப்பிடப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள அல்பேனிய வாக்கியங்களில் மிகப் பழையது அந்த ஒரே வரிதான். போர்களைவிட இந்த ஒற்றை வரி என்னை அதிகம் நெகிழ வைத்தது.

1463-இல் மெஹ்மதோடு செய்துகொண்ட சமாதானத்தை, போப்பரசர் இரண்டாம் பயஸின் சிலுவைப்போர்த் திட்டத்தை நம்பி ஸ்கந்தர்பெக் முறித்தார். 1464 ஆகஸ்டில் பயஸ் அங்கோனா துறைமுகத்தில், கப்பலேறும் முன்பே, இறந்துபோனார். சிலுவைப்போர் கரையிலேயே கலைந்தது. சுல்தானின் கோபம் மட்டும் அல்பேனியாவுக்கு வந்து சேர்ந்தது. வந்தவர் பெயர் பல்லபான் பாஷா. காஸ்ட்ரியோத்திகளின் சொந்த மண்ணான மாத் பகுதியில் ஓர் எளிய குடியானவர் வீட்டில் பிறந்து, சிறுவனாகப் பிடிக்கப்பட்டு, சுல்தானின் சொந்தக் காலாட்படையான ஜானிசாரிப் படையில் வளர்ந்தவர். எதிரே நின்ற இருவரையும் ஒரே பேரரசுதான் வளர்த்தது. ஒருவர் பிரபுவின் மகன், மற்றவர் அந்தப் பிரபுவின் நிலத்துக் குடியானவனின் மகன். பல்லபானுக்குத் திரும்பி வர ஒரு கோட்டையோ குலப்பெயரோ இருக்கவில்லை. பேரரசில்தான் அவருக்கு எல்லாம் இருந்தது. அவரைத் துரோகி என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

1465-இல் வைக்கால் என்ற பள்ளத்தாக்கில் பல்லபானின் படை தோற்று ஓடியபோது, ஸ்கந்தர்பெக்கின் தளபதிகள் எட்டுப் பேர் அதிக தூரம் துரத்திப்போய்ச் சிக்கிக்கொண்டார்கள். ஒருவர் அவர் தமக்கையின் மகன். இன்னொருவர் மொய்சி. எத்தனை பணம் வேண்டுமானாலும் தருவதாகச் சொல்லியும் மெஹ்மத் அவர்களை விடவில்லை. இஸ்தான்புல்லில் பதினைந்து நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலுரித்துக் கொன்றார்கள் என்கிறார் பார்லேட்டி. கழுத்தில் வாரோடு வந்து ஒன்பது ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்த மொய்சி, அந்த ஒன்பது ஆண்டுகளையும் வட்டியோடு கட்டிவிட்டார்.

1466-இல் மெஹ்மதே நேரில் வந்து க்ரூயாவை முற்றுகையிட்டார். கோட்டை விழவில்லை, ஆனால் அவர் புறப்படும் முன், தெற்கே ஷ்கும்பின் ஆற்றுச் சமவெளியில் எல்பசான் கோட்டையைச் சில வாரங்களில் கட்டி முடித்துவிட்டார். முற்றுகை வந்து போகும். கோட்டை அங்கேயே நிற்கும். அல்பேனியாவின் கழுத்தை நெரித்தது அந்தக் கட்டடம்தான் என்பது என் எண்ணம். பல்லபான் க்ரூயாவின் அடிவாரத்தில் முற்றுகையைத் தொடர, ஸ்கந்தர்பெக் டிசம்பரில் உரோமுக்குப் போனார். அறுபது வயதைக் கடந்த முதியவர், சில குதிரைகளோடு, ஏழையைப் போல வந்திறங்கினார் என்று அங்கிருந்த தூதர் ஒருவர் தம் ஊருக்கு எழுதினார். வாரக்கணக்கில் காத்திருந்தும் கிடைத்தது கொஞ்சம்தான். திரும்பி வந்து, வெனிசோடும், ஒரு காலத்தில் எதிர்ப்பக்கம் நின்ற லெக்கா துக்காஜினியோடும் சேர்ந்து, 1467 ஏப்ரலில் முற்றுகையை உடைத்தார். பல்லபான் க்ரூயா மதிலடியில் கழுத்தில் குண்டு பாய்ந்து செத்தார். பிறந்த ஊருக்கு மிக அருகில்.

அடுத்த ஜனவரியில், மிச்சமிருந்த பிரபுக்களை மறுபடியும் லெஷாவுக்கு வரச் சொல்லியிருந்தார் ஸ்கந்தர்பெக். 1444-இல் கூடிய அதே ஊர். அங்கே காய்ச்சல் கண்டு, 1468 ஜனவரி 17 அன்று இறந்தார். துக்காஜினி தலைமுடியையும் தாடியையும் பிய்த்துக்கொண்டு தெருவில் ஓடிவந்து அழுதார் என்று எழுதியிருக்கிறது. புனித நிக்கோலஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். தோனிக்கா மகனை அழைத்துக்கொண்டு நேப்பிள்சுக்குப் போய், கடைசியில் ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் இறந்தாள். க்ரூயா இன்னும் பத்து ஆண்டுகள், வெனிசின் கொடியின் கீழ், தாக்குப்பிடித்தது. 1478 ஜூனில், ஓராண்டுக்கும் மேலான முற்றுகைக்குப் பிறகு, பசியால் கதவைத் திறந்தது.

அதே ஆண்டு உதுமானியர் லெஷாவுக்குள்ளும் நுழைந்தார்கள். தேவாலயத்தில் அவருடைய கல்லறையைத் தேடிப் பிடித்துத் திறந்தார்கள். பார்லேட்டியின் வார்த்தையை நம்பினால், அவர்கள் எலும்புகளை அவமதிக்கவில்லை. போர்க்களத்தில் அவரை எதிர்த்து நின்றவர்களும், அவரால் உறவினரைப் பறிகொடுத்தவர்களும் வரிசையில் வந்து, ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டு, வெள்ளியிலும் பொன்னிலும் பதித்துத் தாயத்தாகக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள்.